நூற்று இருபத்தெட்டுக்குப் பிறகு

ஓடட்டும். முப்பத்தேழு சதவீதம். அந்த முப்பத்தேழிலேயே நின்றுகொண்டு புள்ளி புள்ளியாகப் பச்சையைத் துப்பிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் ஒரு சோதனை தேறியதற்கு அடையாளம், மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், முடிய இன்னும் அரைமணி பிடிக்கும், மணி இப்போது இரண்டு ஐம்பது, நாலுக்கு வெளியீடு, என் வலது கால் ஆடுகிறது. ஆடாதே என்று கையை முழங்காலில் வைத்து அழுத்தினால் கையும் சேர்ந்து ஆடுகிறது. பீளமேட்டில் மூன்றாவது மாடி, வெளியே அவிநாசி ரோட்டில் பஸ்காரன் ஆரனை அமுக்கிக்கொண்டே போகிறான், உள்ளே ஏசி ஓடுகிறது, எனக்கு மட்டும் கழுத்தில் வேர்க்கிறது. ஒரு புள்ளி சிவப்பாக வந்தால் போதும். ஒன்றே ஒன்று. இந்த வேலைக்கு வந்த பிறகு சிவப்பு வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை, வராது என்பதும் எனக்குத் தெரியும், வராமல் இருக்கும்படி செய்தவனே நான்தானே. நான் பதிந்து வைத்த விடை ஒன்றில் இருநூற்று ஐம்பத்தெட்டு வரி இருக்கவேண்டும். இருந்தது நூற்று இருபத்தொன்பது. மூன்று தடவை எண்ணச் சொல்லிவிட்டேன் கம்ப்யூட்டரை, மூன்று தடவையும் அதே நூற்று இருபத்தொன்பது, சரிபாதி, வீட்டில் சிவகாமி சொல்வாள், உங்க பேச்சுல பாதியத் தள்ளிப்போட்டு மீதியில பாதியத்தான் நான் காதுல வாங்குவேன் என்று, அவள் சொன்ன கணக்கில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி என்று பேர் வைத்தது நிலோஃபர், எங்கள் குழுவுக்குத் தலைமை, நல்ல பேர்தான், மென்பொருள் கட்டுகிற இடத்தில் மேஸ்திரி பார்க்கிற வேலையைத்தான் இந்த நிரல் பார்க்கிறது, ஒரு கட்டளையைக் கூப்பிடும், அது திரையில் என்ன சொல்கிறதோ அதைக் காதில் வாங்கிக்கொள்ளும், அடுத்த கட்டளையைக் கூப்பிடும், கடைசியில் எல்லாரும் சொன்னதைத் தொகுத்து ஒப்பிக்கும். எவனாவது 'தவறு' என்று சொல்லியிருந்தால் சிவப்பு. ஒருவனும் சொல்லாவிட்டால் பச்சை. அதன் காதில் குப்பையைக் கொட்டிப் பார்ப்பது என் வேலை. அறுபத்தெட்டு வயதில் ஓர் ஆளை ஏசியில் உட்காரவைத்துக் குப்பை கொட்டச் சொல்கிறார்கள், இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு அமையாது என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

குப்பை என்றால் பைட். சுழியம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஓர் எண், அவ்வளவுதான், திரையில் தெரிகிற எழுத்தெல்லாம் உள்ளே இந்த எண்கள். அதில் தொடக்கத்தில் இருக்கிற முப்பத்திரண்டு பேரும் போக்கிரிகள், ஏழாம் எண் மணியடிக்கும், பன்னிரண்டு அச்சு எந்திரத்தில் தாளைத் தள்ளும், பதினான்கு வந்தால் திரையிலுள்ள எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக உருமாறிப்போகும். நூற்று இருபத்தெட்டிலிருந்து மேலே உள்ளவை தனியே வரக்கூடாதவை, கூட்டமாகத்தான் வரவேண்டும், ஒரு தமிழ் எழுத்து என்றால் மூன்று பேர் கைகோத்துக்கொண்டு வருவார்கள், தனியே ஒருத்தன் வந்து நின்றால் அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த இருநூற்று ஐம்பத்தாறு பேரையும் வரிக்கு ஒருவராக, முன்னால் எண்ணைப் போட்டு, வரிசையாகக் கக்குகிற ஒரு கட்டளையை எழுதினேன், கடைசி வரியில் 'முடிந்தது' என்று ஒரு சொல், பத்தாம் எண் தானே ஒரு வரியை உடைத்துக்கொள்ளும், அதையும் சேர்த்து இருநூற்று ஐம்பத்தெட்டு. எழுதியது ஒழுங்காகத்தான் எழுதினேன். எழுதினதில் குற்றமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான். நாற்பத்தொரு சதவீதம். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதை ஓட்டினேன், ஏழாம் எண் டங்கென்று அடித்தது, பன்னிரண்டில் என்னவோ நகர்ந்தது, பதினான்கு வந்ததும் திரை முழுக்கக் கோலம் போட்டமாதிரி கோடு, மூலை, கட்டம், ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பின்னால் நின்று பார்த்துவிட்டான் ஜெரால்டு. மேஸ்திரியின் காதை எழுதியவன் அவன்தான், கட்டளை சொல்வதை வாங்கிக்கொள்கிற பகுதி முழுக்க அவன் எழுதியது. "என்னுங்க தலைவரே, திரையில அபார்ட்மெண்ட் கட்டறீங்க" என்றான். அவ்வளவுதான், என் வாய் சும்மா இருக்குமா. ஈரோட்டில் ஒரு நூல் மண்டியில் நான் இருந்தபோது, எண்பத்தொன்பதில், பன்னிரண்டாம் எண்ணை நிறுத்தாமல் அனுப்பிவிட்டேன் கண்ணு, அச்சு எந்திரம் தாளைத் தள்ள ஆரம்பித்தது, பெட்டித் தாள், ஒன்றோடொன்று ஒட்டினது, மேசையைத் தாண்டி மாடிப்படியில் இறங்கி ரோட்டைக் கடந்து எதிரே மஞ்சள் மண்டிக்குள் போய்விட்டது, அங்கே இருந்த எருமை ஒன்று மறுமுனையைக் கடித்து இழுக்க, எந்திரம் மேசையோடு நகர்ந்து வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னேன். ஜெரால்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "எருமை சரிங்க தலைவரே, அது கணக்குத் தெரிஞ்ச எருமைங்களா" என்று கேட்டான், வரவுப் பக்கத்தை மட்டும்தான் தின்றது என்றேன். உண்மையில் மூன்று தாள் வழுக்கிக் கீழே விழுந்தது, அதை நானே குனிந்து எடுத்தேன். அந்த எருமை என் வாயில் இருக்கிற நேரத்தில்தான் என் விரல் 'ஒப்புக்கொள்' என்பதைத் தட்டிவிட்டது.

அந்த 'ஒப்புக்கொள்' எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், நல்ல பழக்கம்தான், இன்ன விடை வரவேண்டும் என்று கையால் எழுதி மாளாது என்பதற்காகக் கருவி இப்போது என்ன சொல்கிறதோ அதையே சரியான விடை என்று பதிந்து வைத்துக்கொள்வது, அடுத்த தடவை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, மாறியிருந்தால் சிவப்பு. ஒரே நிபந்தனை, ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு மனிதன் அதைப் படித்துப் பார்த்திருக்கவேண்டும். நான் எருமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டில் அது ஒன்று மட்டும் போகவில்லை, அன்றைக்குக் காலையிலிருந்து எழுதிவைத்திருந்த அறுபத்தொன்றும் ஒரே தட்டில் போயிற்று, அறுபத்தொன்றும் பச்சை, நான்கு மணிக் கூட்டத்தில் எழுந்து நின்று "இருநூத்தம்பத்தாறு பைட்டும் பாஸுங்க அம்மிணி, ஒருத்தன் தப்பலை" என்று சொன்னேன், நிலோஃபர் கை தட்டினாள், வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிட்டாள், எந்த பைட் வந்தாலும் மேஸ்திரி தடுமாறாது என்று. அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. மறந்துவிட்டேனா, பார்க்காமல் இருந்தேனா, இரண்டும் வேறு வேறு என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்றைக்குத்தான் தெரிகிறது. கண் சரியில்லை, இடது கண்ணில் புரை என்றார் டாக்டர், அது ஒரு காரணமாகுமா? அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு போன வாரம் ஊசியில் நூல் கோத்தேன் என்று நானே பீற்றிக்கொண்டவன். நேற்றுச் சாயங்காலம் நிலோஃபர் ஒரு மின்னஞ்சலை எனக்குத் தள்ளிவிட்டாள், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை பாய்லர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனி, மேஸ்திரியை வாங்கப்போகிற முதல் ஆட்கள், அவர்களுடைய சரிபார்க்கிற நிரல் எப்படிப் பேசும் என்று ஒரு மாதிரி அனுப்பியிருந்தார்கள். "சார், இதுல டிகிரிக் குறி பழைய முறையில இருக்குங்க, நூத்தி எழுபத்தாறு, தனியா நிக்குது. நம்ம டெஸ்ட்ல இது வந்துபோச்சில்லீங்களா?" என்று கேட்டிருந்தாள். இருநூத்தம்பத்தாறும் இருக்குதுங்க, அதுல நூத்தி எழுபத்தாறு இல்லாமப் போயிருமா என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்குக் காலையில் வெளியீட்டுக்கு என் ஒப்புதலையும் போட்டேன், மூன்று பேர் போடவேண்டும், நிலோஃபர், ஜெரால்டு, நான், மூன்று பேர் பெயருக்கு எதிரிலும் பச்சை டிக். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான், ஏன் என்று தெரியவில்லை, தண்ணீர் நின்றுபோயிற்று குழாயில், அட என்று குழாயைப் பார்த்தேன், அப்போது தோன்றியது, அந்தப் பதிவில் 'முடிந்தது' என்கிற வரியை நான் கண்ணால் பார்க்கவேயில்லை என்று.

ஐம்பத்தாறு. பச்சை. பதிவைத் திறந்தால் நூற்று இருபத்தேழு வரைக்கும் ஒழுங்காக இருக்கிறது, அதன் கீழே, கம்ப்யூட்டர் எண்ணிக்கையில் சேர்க்காத அரைவரியாக, 128 என்று எண், பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, அத்தோடு சரி, வெறும் வெள்ளை. தனியே வந்தவனைப் பார்த்ததும் மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டுவிட்டது, அவனுக்குப் பின்னால் நின்ற நூற்று இருபத்தேழு பேர் சொன்னதும் விழவில்லை, முடிந்தது என்று சொன்னதும் விழவில்லை, ஒன்றும் விழாததால் பச்சை. சரி, அது என் கட்டளை, செயற்கை, பாய்லர்காரர்களுடைய மாதிரி வேறாக இருக்கலாம் என்று பக்கத்து ஜன்னலில் அதை ஓட்டினேன். வேண்டுமென்றே தோற்கிற மாதிரியைத்தான் அனுப்பியிருந்தார்கள், நாலாவது வரியில் வெப்பம் 184 என்று போட்டு அந்தத் தனி டிகிரிக் குறி, ஏழாவது வரியில் தவறு மூன்று, பாதுகாப்பு வால்வு திறக்கவில்லை. மேஸ்திரி நாலாவது வரியில் 184 வரைக்கும் சொன்னது. அப்புறம் பச்சை. வெற்றி. நான் அதை மறுபடி ஓட்டினேன், மறுபடி வெற்றி, என்னமோ மூன்றாவது தடவை ஓட்டினால் அதற்கே வெட்கம் வந்துவிடும் என்பதுபோல மூன்றாவது தடவையும் ஓட்டினேன். சாயப்பட்டறைப் பாய்லர் எனக்குத் தெரியும், திருப்பூரில் இரண்டு வருஷம் ஒரு பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், ஆபீஸ் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், பாய்லர் அந்தப் பக்கம், அதைப் பார்த்துக்கொண்டது கருப்பண்ணன், கருப்பண்ணன் நல்ல பீடி பிடிப்பான், கருப்பண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு என் ஜன்னலைத் தட்டுவான், கருப்பண்ணன், சரி, தேநீர் வந்திருக்குமா, மூன்றேகால் ஆகவில்லை இன்னும், கருப்பண்ணன். இதை மட்டும் நான் யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. பாய்லரில் அழுத்தம் கூடினால் கத்துகிற சங்கு ஒன்று இருந்தது, அது கொஞ்சம் கூடினாலே கத்தும், டெலிபோனில் பேசவிடாது, மேனேஜர் ஒருநாள் அதன் வாயில் துணியைக் கட்டச் சொன்னார், கட்டினவன் வேறு ஆள். துணி எடுத்துக் கொடுத்தவன் நான். பனியன் வேஸ்ட், வெள்ளை, நல்ல மெத்தென்ற துணி. எட்டு நாள் சத்தமே இல்லை, மேனேஜர் சந்தோஷமாகப் பேசினார் டெலிபோனில். ஒன்பதாம் நாள் பீறிட்ட ஆவியில் கருப்பண்ணன் கை, தோள் முதல் மணிக்கட்டு வரை, வேண்டாம், போதும். அறுபத்திரண்டு சதவீதம். பச்சை.

எழுந்துவிட்டேன். கால்தான் எழுந்தது, நான் பின்னால் போனேன். ஜெரால்டு இரண்டு மேசை தள்ளிக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். தோளைத் தட்டினால் ஒரு காதை மட்டும் கழற்றினான். "என்னுங்க தலைவரே, புது எருமைங்களா?" "கண்ணு, உன்ற மேஸ்திரிக்குக் காது அடைச்சிருக்குது" என்றேன். வாய் என்னைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிட்டது, இப்பத்தான் கண்டேன், அந்தப் பெருந்துறை மாதிரியை ஓட்டிப்பார்த்தேன், நூத்தி எழுபத்தாறு தனியா வந்தா அதுக்கப்புறம் ஒண்ணும் வாங்கமாட்டேங்குது, எனக்கு என்னவோ சாப்பிடறப்பவே மூக்குல வேர்த்துது என்று. அவன் நம்பவில்லை. "போங்க தலைவரே, நேரத்தைப் பாருங்க, நாலு மணிக்கு ரிலீஸ வெச்சுக்கிட்டு வெளையாடறீங்க." "வந்து பாரு." வந்து பார்த்தான். சிரிப்பு நின்றது. குனிந்து என் விசைப்பலகையிலேயே அவனுடைய பகுதியைத் திறந்து தேடினான், உதட்டைக் கடித்தான், "படிக்க முடியாதது வந்தா அத்தோட நிறுத்துன்னு நானே எழுதியிருக்கறனுங்க, கிறுக்கன் நான்" என்றான். நிறுத்தாமல் அந்த இடத்தில் ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டு மேலே போகும்படி மாற்றப் பத்து நிமிஷம் ஆயிற்று அவனுக்கு, ஓட்டினான், பாய்லர் மாதிரி சிவப்பு, தவறு மூன்று, வால்வு திறக்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது அந்தச் சிவப்பு. என் பழைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லாச் சோதனைகளையும் திருத்தத்தோடு நாலு எந்திரத்தில் பிரித்து மறுபடி ஓடவிட்டான். நிலோஃபரும் எழுந்து வந்துவிட்டாள், விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள், "நல்லவேளைங்க சார், நீங்க இல்லீன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்" என்றாள். என்ன ஆகியிருக்கும். நான் தலையைச் சொறிந்தேன். அப்போதுதான் ஜெரால்டு திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "தலைவரே, உங்க இருநூத்தம்பத்தாறு டெஸ்ட்டு இப்பச் சிவப்பாயிருச்சு. இத்தன நாள் எப்படிங்க பாஸாச்சு?" இதோ, கேட்டுவிட்டான், நேராகக் கேட்டுவிட்டான், ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நான் சொன்னேன், "அதுவா கண்ணு, பல்லடத்துல ஒரு மில்லுல ஏழாம் எண்ணை முந்நூறு தடவ அனுப்பிப்போட்டேன், ஷிப்டு மணின்னு நெனச்சு முந்நூறு பேரும் தூக்குப்போசிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, அடுத்த நாள் மொதலாளி என்னக் கேட்டாரு பாரு இதே கேள்வி, இத்தன நாள் எப்படிப்பா ஓடுச்சுன்னு, மணிக்குத் தெரியுமுங்களா மணி என்னன்னு கேட்டேன்." நிலோஃபரே சிரித்துவிட்டாள். ஜெரால்டு "உங்களுக்கெல்லாம் வாய்தான் சொத்து" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான், கேள்வியை என் மேசையிலேயே விட்டுவிட்டு. மணி மூன்று முப்பத்தைந்து. நாலுக்கு வெளியீடு உறுதி என்று நிலோஃபர் பெருந்துறைக்குச் செய்தி அனுப்பினாள், கடைசி நேரத்தில் ஒரு பிழையை எங்கள் மூத்த சோதனையாளர் பிடித்துவிட்டார் என்றும் சேர்த்து அனுப்பினாள், எனக்கும் ஒரு பிரதி வந்தது.

வாசித்தேன். மூத்த சோதனையாளர். நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை, பின்பக்கம் ஏதோ குத்துவதுபோல, எழுந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒன்றைச் சரிசெய்தாயிற்று. மீதி அறுபது. அறுபதும் அதே தட்டில் ஒப்புக்கொண்டவை, ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை, அதில் என்னென்ன இருந்தது, சுழியம் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று ஒன்று, முடிவில் வரி உடையாமல் நின்றால் என்று ஒன்று, ஒரே வரி பத்து லட்சம் பைட் நீளம் இருந்தால் என்று ஒன்று, ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பேரில் ஒருத்தன் இந்தப் பக்கமும் இரண்டு பேர் அந்தப் பக்கமுமாக அறுபட்டு வந்தால் என்று ஒன்று, எல்லாம் நான் ஆசை ஆசையாக யோசித்து எழுதின குறும்பு, எல்லாம் பச்சை, அதில் எது உண்மையில் பச்சை என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவேளை அறுபதும் சரியாகவே இருக்கலாம். இருக்கலாம்தானே. ஜெரால்டு நல்ல வேலைக்காரன். வெளியீடு போகட்டும், நாளைக்குக் காலையில் வந்து அமைதியாக ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், ஏதாவது இருந்தால் சாப்பிடும்போது மூக்கில் வேர்த்தது என்று இன்னொரு தடவை சொல்கிறேன், இன்னொரு தடவை கை தட்டுவார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை. பதிவேட்டில் என் பெயர், தேதி, புதன்கிழமை, நேரம் இரண்டு பதினாறு எல்லாம் இருக்கிறது, ஆனால் யார் போய்ப் பார்க்கிறார்கள். இன்று ராத்திரி பெருந்துறையில் இதை மாட்டுவார்கள், நாளைக்குக் காலையில் இதன் பேச்சை நம்பி முதல் பெட்டியைக் கட்டி அனுப்புவார்கள், ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, எட்டு நாள்கூட இல்லை. எட்டு நாள் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது சொன்னால்? நாலு மணி வெளியீட்டை நிறுத்தினவன் என்று ஆகும், அறுபதும் சரியாக இருந்துவிட்டால் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஆகும், இல்லாவிட்டால் பொய் சொன்னான் என்று ஆகும், இரண்டில் எது நல்லது என்றுகூட எனக்குப் புரியவில்லை. இந்த நாற்காலி போய்விடும். வீட்டில் சிவகாமி டிவியில் சீரியல் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு, எதிர்வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டரிடம் எருமைக் கதை சொல்லிக்கொண்டு, அவருக்குக் காதும் கேட்காது. தொண்ணூற்றெட்டு சதவீதம். நூறு. கீழே ஒரு வரி வந்தது, தோல்வி ஒன்று, அது என் இருநூற்று ஐம்பத்தாறுதான், பக்கத்தில் அந்த 'ஒப்புக்கொள்' தட்டச்சொல்லிக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. "தலைவரே, அத ஒரு தட்டுத் தட்டிவிட்டீங்கன்னா பச்சையாயிரும், அனுப்பிப்போடலாம்" என்று ஜெரால்டு அங்கிருந்தே குரல் கொடுத்தான். மூன்று நாற்பத்தேழு. விரல் அதன்மேல் இருந்தது. பழகின விரல். எடுத்தேன். வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்து, என் பெயருக்கு எதிரில் இருந்த டிக்கை அழுத்தி, ஒப்புதலைத் திரும்பப் பெறு என்பதைத் தட்டினேன். காரணம் என்று ஒரு பெட்டி திறந்துகொண்டது. இருபது வரி எழுதுகிற அளவுக்குப் பெரிய பெட்டி. எழுதினேன், கண்ணில் புரை இருந்தபடியால் என்று தொடங்கினேன், அழித்தேன். அன்றைக்குத் திரையில் கோடுகள் வந்துவிட்டபடியால், அழித்தேன். ஜெரால்டு பின்னால் வந்து பேச்சுக்கொடுத்தபடியால், இதை எழுதினபோது காது சுட்டது, அழித்தேன். ஒரு பேச்சும் ஒட்டாமல் பெட்டி வெறுமையாக என்னைப் பார்த்தது. கடைசியில் எழுதினேன், என் அறுபத்தொரு சோதனைகளின் விடைகளையும் நான் படிக்காமல் ஒப்புக்கொண்டேன், 256 பைட் சோதனை தவறான விடையோடு மூன்று வாரம் தேறிக்கொண்டிருந்தது, மற்ற அறுபதும் எப்படி என்று எனக்குத் தெரியாது, சென்னியப்பன். அனுப்பினேன். கால் நின்றிருந்தது, அதைக் கவனித்ததும் மறுபடி ஆட ஆரம்பித்தது.

நிலோஃபரின் நாற்காலி சக்கரம் உருண்ட சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் நின்றாள், சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகம், பாதி வரைக்கும் சிரித்தும்விட்டாள். "சார், இது உங்க கதைங்கள்ல ஒண்ணுங்களா?" என்று கேட்டாள். இல்லீங்க அம்மிணி என்றேன். "எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து அந்தப் புதன்கிழமைக்குப் போனாள், அறுபத்தொரு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே வந்தாள், எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே நேரம், இரண்டு பதினாறு. ஜெரால்டு அதற்குள் வந்து பின்னால் நின்று படித்துவிட்டான். "நான் கேட்டனுங்களே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "எப்படி பாஸாச்சுன்னு கேட்டனே. மில்லு மணியப் பத்திச் சொன்னீங்க." நான் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தேன். நிலோஃபர் போனை எடுத்தாள். "வணக்கமுங்க, இன்னைக்கு வெளியீடு இல்லீங்க… இல்லீங்க, ஒரு மணிநேரத்துல ஆகாதுங்க. நாங்க சோதிச்சோம்னு சொன்னதச் சோதிக்கலீங்க. ஆமாங்க, எங்க தப்புதான்… நாங்க சொல்ற வரைக்கும் பழைய முறையிலயே பாத்துக்குங்க, எதையும் மாட்டாதீங்க." அந்தப்புறம் யாரோ நிறையப் பேசினார்கள், அவள் எல்லாவற்றுக்கும் ஆமாங்க ஆமாங்க என்றாள், என் பெயரைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. வைத்துவிட்டு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"ஒப்புக்கொள்ற அனுமதிய உங்க பேருல இருந்து எடுத்துடறனுங்க சார்."

"எடுத்துருங்க."

"அறுபத்தொண்ணுக்கும் என்ன வரணும்னு நீங்க கையால எழுதணும். ஓட்டிப் பாக்கக்கூடாது. எழுதி எனக்கு அனுப்புங்க, நான் ஓட்டிப் பாக்கறேன்."

"அது வாரக்கணக்குல ஆகுமுங்க அம்மிணி."

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். இருக்கை அவள் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து 0 என்று எழுதி, பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று எழுதினேன், பிறகு 1, பிறகு 2, ஒவ்வொன்றுக்கும் யோசிக்கவேண்டியிருந்தது, தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தெரியாமல் இருந்தது. தேநீர் வந்து ஆறிப்போயிற்று. நாலு மணி ஆனபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்தரைக்கு நூற்று இருபத்தேழை முடித்து அடுத்த எண்ணை எழுதிவிட்டு நின்றேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை, திரும்பி "கண்ணு" என்று கூப்பிட்டேன். ஜெரால்டு திரும்பவில்லை. காதில் பாட்டு இல்லை, எனக்குத் தெரியும், அது மேசைமேல் கிடந்தது. "நூத்தியிருபத்தெட்டு தனியா வந்தா என்ன காட்டணும்?"

தன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "இங்க ஒண்ணு வந்துச்சு, என்னன்னு தெரியலன்னு காட்டணுங்க சார். காட்டிட்டு அடுத்ததுக்குப் போகணும்."

அப்படியே எழுதினேன். எழுதினதைத் திரும்ப ஒருமுறை படித்தேன். பிறகு 129 என்று போட்டேன்.